பந்தலும் படிக்கட்டும்

கானான் நாட்டைப் பார்த்து வரும்படி மோசே பன்னிரண்டு பேரை அனுப்பிய வரலாற்றை எண்ணிக்கை நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் காண்கிறோம். மண் வளமானதா, மரங்கள் உண்டா, அங்கு வாழ்வோர் வலியவரா எளியவரா என்று அறிந்து வருவதே அவர்களுக்கு இடப்பட்ட பணி. அது திராட்சை முதற்கனி பழுக்கும் காலம். எசுக்கோல் பள்ளத்தாக்கில் ஒரு குலையை வெட்டி, தடியில் கட்டி, இருவர் சுமந்து வந்தனர். அந்த இருவரின் உருவமே இன்று இசுரயேல் நாட்டுச் சுற்றுலாத் துறையின் சின்னமாக இருக்கிறது. பொருத்தமான சின்னந்தான். ஆனால் அவ்வரலாற்றின் பிற்பகுதியைச் சுற்றுலாத் துறையினர் சொல்லமாட்டார்கள். பன்னிருவரும் கண்டது ஒரே நாடு. பத்துப் பேர் கொண்டுவந்ததோ அச்சம். காலேபும் யோசுவாவும் மட்டுமே வேறு செய்தி கொண்டுவந்தனர்.

அண்மையில் நம் பங்கின் இளைஞர் சிலரோடு மூன்று நாள் பயணமாகப் பழனி மலையின் மேற்கு எல்லையிலுள்ள கிளாவரைக்கும், பின்னர் இறங்கிக் கம்பம் பள்ளத்தாக்குக்கும் சென்று வந்தோம். கொடைக்கானலுக்கு ஊர்தியில் செல்வோர் 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற ஆணைப்படி இ-பாஸ் பெற்றாகவேண்டும். நாமும் பெற்றோம். நட்சத்திர வடிவ ஏரியையும் 1866 ஆம் ஆண்டு ஆலயமான சலேத் மாதா கோவிலையும் கண்டு வணங்கிவிட்டு, கூட்டத்தினின்று விலகி மேற்கே திரும்பினோம்.

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று ஊர்கள் ஒவ்வொன்றாகக் கடந்துபோகின்றன. நாற்பது கிலோமீட்டருக்கும் அதிகமான அவ்வழியில் மேகம் சாலையின் குறுக்கே நடந்துபோவதைப் பார்க்கலாம். மன்னவனூர் வரை சுற்றுலா ஊர்திகள் வருகின்றன. அங்கு ஏரியும் புல்வெளியும் மைய அரசின் ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணையும் உள்ளன. அதற்கப்பால் கூட்டம் குறைகிறது. கிளாவரையோடு சாலை முடிவடைந்தாற்போல் இருக்கும். மலைக்கு அப்புறம் கேரளத்தின் வட்டவடை. இப்பகுதியின் வடசரிவில் விழும் மழை மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கு வழியே அமராவதியை அடைந்து, கரூருக்கு அருகே காவிரியோடு கலக்கிறது. குறிஞ்சி பூத்த 2018 இல் இம்மலைகளைத் தேடி வந்தோர் பலர். அடுத்த பூப்பு 2030 இல்.

கிளாவரையில் நம்மை நிற்கவைத்தவை படிக்கட்டு வயல்கள். மலைச்சரிவை மேலிருந்து கீழ்வரை படிபடியாக வெட்டி, உருளைக்கிழங்கும் பூண்டும் கேரட்டும் பீன்சும் பயிரிட்டிருக்கிறார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்தது பலர் அறிந்த செய்தி. நம் இளைஞர்கள் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினர். வரப்பில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் சிரித்தார். "வர்றவங்க எல்லாரும் படிக்கட்டத்தான் பாக்குறாங்க சாமி. நாங்க சுவரப் பாப்போம்" என்றார். ஒரு மழையில் ஓரிடத்தில் மண் நழுவினால் மேல் வயல் கீழ் வயலின்மேல் வந்து விழுமாம். வித்திட்டது ஒருவர், அறுப்பது மற்றொருவர் என்னும் மறைநூல் செய்தி அங்கே வேறொரு பொருளில் நடந்துவிடும்!

அவர் சொன்னது வெறும் அச்சமன்று. 2024 செப்டம்பரில் இவ்வூருக்கு அருகே காட்டுப் பகுதியில் ஏறத்தாழ 300 அடி நீளத்துக்கு நிலம் பிளந்திருந்தது. ஊருக்கு வரும் தண்ணீர் நின்றுவிட்டதால், காரணம் அறியச் சென்றவர்களே அதை முதலில் கண்டனர். அறிவியலார் வந்து ஆராய்ந்தனர். அதற்கு முன்னும் பின்னும் இம்மக்கள் அதே சரிவில்தான் கிழங்கு நடுகிறார்கள்.

இவ்வயல்களைக் கண்டபோது, நேரில் கண்டிராத ஓர் ஆறு நம் நினைவுக்கு வந்தது. போர்த்துகல் நாட்டின் டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் இதேபோல் மலையை அடுக்கடுக்காக வெட்டித் திராட்சை நட்டிருக்கிறார்கள். 2001 முதல் அது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். படகில் சென்று அவ்வடுக்குகளைப் பார்க்க மக்கள் கடல் கடந்து வருகிறார்கள். அந்த இரச நாட்டுக்கு 1756 இல் அரசு எல்லை வகுத்துக் கற்கள் நாட்டியவர் பொம்பால் என்னும் அமைச்சர். அதே பொம்பால்தான் 1759 இல் இயேசு சபையினரைப் போர்த்துகீசிய ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றினார். நம் மதுரை மறைப்பணித்தளம் தளர்ந்து மேய்ப்பரின்றி வாடியதற்கு அது ஒரு முதன்மைக் காரணம். 1773 இல் சபையே கலைக்கப்பட்டது. பின்னர் 1838 இல்தான் பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரைக்கு வந்தனர். திராட்சைத் தோட்டத்துக்குக் கருத்தாய் வேலியடைத்தவரே ஆண்டவரின் தோட்ட வேலையாட்களை அப்புறப்படுத்திய விந்தையை எசாயாவின் தோட்டப் பாடலைப் படிக்கும்போதெல்லாம் எண்ணிக்கொள்வோம்.

இந்த இடைக்காலத்தில்தான், 1832 இல், ஒரு பிரெஞ்சு அருள்பணியாளர் தமிழகத்துக்குப் பன்னீர்த் திராட்சைக் கொடியைக் கொணர்ந்தார் என்று தோட்டக்கலைத் துறையினர் கூறுகின்றனர். ஒரு குரு திராட்சைக் கொடியைத் தாங்கிக் கடல் கடந்து வந்தால், அவர் மனத்தில் பீடத்துக் கிண்ணம் இருந்திருக்கும் என்று நாம் ஊகிப்பது தவறாகாது. திராட்சையினின்று பெறப்பட்ட, இயற்கையான, கெட்டுப்போகாத இரசமே திருப்பலிக்கு உரியது என்பது திருச்சபைச் சட்டம் 924. மேலைநாட்டு ஆற்றங்கரைத் தோட்டங்கள் பலவற்றை வளர்த்தவர்களும் துறவியரே. ரைன் ஆற்றை ஒட்டிய எபர்பாக் மடம் 1136 இல் புனித பெர்னார்து அனுப்பிய துறவிகளால் நிறுவப்பட்டது. அங்கு இரசம் வடிப்பது இன்றும் தொடர்கிறது.

மறுநாள் மலையிறங்கி, தேனி, உத்தமபாளையம் வழியாக இராயப்பன்பட்டிப் பக்கம் சென்றோம். கத்தோலிக்கர் பலர் வாழும் ஊர். இருபுறமும் மலை, நடுவே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். பென்னிகுயிக் கட்டிய அணை 1895 இல் திறக்கப்பட்டது. மேற்கே ஓட இருந்த ஆறு குகைவழியாகக் கிழக்கே திரும்பி இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தை நனைக்கிறது. சுருளி அருவியில் இளைஞர்கள் குளித்து மகிழ்ந்ததைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அருவி எங்கும் அருவிதான். திராட்சைப் பந்தல் அப்படியன்று.

கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே கொடியைப் படரவிட்டிருக்கிறார்கள். உள்ளே நுழைந்தால் வெயில் பச்சையாக இறங்குகிறது. கருநீலக் குலைகள் தலையில் இடிக்கும். மேலை நாடுகளில் இலையுதிர் காலத்தில் ஒரே அறுவடை. மகாராட்டிரத்திலும் ஆண்டுக்கு ஒன்றுதான். கம்பத்திலோ ஒரு தோட்டத்தில் கவாத்து, அடுத்ததில் பூ, அதற்கடுத்ததில் பழம். கவாத்து செய்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் குலை முற்றிவிடுவதால் ஆண்டு முழுவதும் பழம் உண்டு. 2023 இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. தேக்கடிக்குச் செல்லும் சுற்றுலாப் பயணிகள் வழியில் இறங்கி, பந்தலின் கீழ் நின்று படமெடுத்து, சாறு வாங்கிக் குடித்துச் செல்கிறார்கள். அதே பந்தலின் கீழ் காலை முதல் மாலைவரை அண்ணாந்தபடி குலை வெட்டும் பெண்களின் கழுத்து வலி எந்தப் படத்திலும் விழுவதில்லை. மத்தேயு நற்செய்தியின் திராட்சைத் தோட்ட உவமைக்கு மறையுரை ஆற்றும் குருக்கள் அப்பந்தலில் அரைமணி நேரம் கைகளை உயர்த்தி நிற்பது நல்லது. பகல் முழுதும் வெயிலில் உழைத்தோம் என்று முணுமுணுத்தவர்கள்மேல் நமக்கு இரக்கம் பிறந்துவிடும்.

தோட்டத்துக்காரர் ஒரு பீப்பாயில் நீலநிறக் கலவையைக் கலக்கிக்கொண்டிருந்தார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவை. அதற்கும் ஒரு கதை உண்டு. பிரான்சின் போர்டோப் பகுதியில் சாலையோரக் கொடிகளின் பழத்தை வழிப்போக்கர் பறித்துத் தின்பதைத் தடுக்க, பார்ப்பதற்கு நஞ்சு போலத் தோன்றும் இக்கலவையைத் தெளித்துவைத்தார்களாம். அவ்வழியே நடந்த மில்லார்தே என்னும் தாவரவியல் பேராசிரியர், அடிச்சாம்பல் நோயில் தோட்டமெங்கும் இலையுதிர்ந்திருக்க, சாலையோரக் கொடிகள் மட்டும் பசுமையாய் நிற்பதைக் கண்டார். ஆராய்ந்து 1885 இல் உலகுக்கு அறிவித்தார். உருளைக்கிழங்கின் கருகல் நோய்க்கும் அதுவே மருந்தாயிற்று. பந்தலுக்கும் படிக்கட்டுக்கும் பொதுவான மருந்து, ஒருவர் நடந்துபோகும்போது நன்றாகப் பார்த்ததால் கிடைத்தது!

அதே தோட்டத்துக்காரர்தான் நம்மை ஒரு கேள்வியில் மாட்டிவைத்தார். பழம் ஒரே நேரத்தில் குவிந்தால் வியாபாரி சொன்னதே விலை. பறித்த பழம் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. "இங்க ஒயின் ஆலை வேணும்னு ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கோம் சாமி. நீங்க பூசைக்கு எடுக்கிறதுதானே, மேடையில எங்களுக்காக ஒரு வார்த்தை பேசக்கூடாதா?" என்றார்.

நாம் உடனே விடை சொல்லவில்லை. வாரந்தோறும் பங்கு இல்லத்தின் வாயிலில் வந்து நிற்கும் மனைவியர் நம் கண்முன் வந்தனர். கூலி வாங்கிய கையோடு கடைக்குச் செல்லும் கணவன், அடகில் மூழ்கிய கம்மல், பள்ளிக் கட்டணம் இல்லாத பிள்ளை. 2003 முதல் அரசே சில்லறைக் கடை நடத்தி மது விற்கும் மாநிலத்தில், இன்னொரு மது ஆலை வேண்டும் என்று ஒரு குரு பேசலாமா? அதே குரு மறுநாள் காலையில் மனித உழைப்பின் பயனென்று இரசத்தைப் பீடத்தில் உயர்த்துகிறார். அந்த உழைப்பாளி கடனில் கிடந்தால் அக்காணிக்கைக்குப் பொருள் என்ன? அளவோடு அருந்தும் இரசம் மகிழ்ச்சி தரும் என்று சீராக்கின் ஞானம் சொல்கிறது. அளவு என்னும் அச்சொல்லைத்தான் நம் ஊர்களில் காணோம்.

குளிர்பதனக் கிடங்கும் சாறு பிழியும் கூட்டுறவு ஆலையும் முதலில் வரவேண்டும், அவற்றுக்காக எந்த மேடையிலும் பேசுவோம் என்றோம். இன்றும் நம் கருத்து அதுவே. அவர் சிரித்தார். "சாறு புளிச்சா ஒயின்தானே சாமி" என்றார். "எங்க பழம் விதையுள்ளது, காயவச்சும் விக்க முடியாது. குடிச்சுக் கெடுறவன் ஒயினாக் குடிக்கிறான்?" அவ்வாதத்திலும் உண்மை இருக்கிறது. ஆயினும் கெடுகிறவனின் மனைவிக்கு அந்த வேறுபாட்டை விளக்கிச் சொல்லும் துணிவு நமக்கு இல்லை. இளைஞர்கள் இரு கட்சியாகப் பிரிந்து, ஊர் திரும்பும்வரை ஊர்தியில் வழக்காடிக்கொண்டே வந்தனர். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் ஒரு பக்கம். குடியால் தந்தையை இழந்த இருவர் மறுபக்கம். நாம் குறுக்கிடவில்லை.

புறப்படுமுன் அடுத்த தோட்டத்தைக் காட்டினார் அவர். அன்று காலைதான் கவாத்து முடிந்திருந்தது. இலையொன்றும் இல்லாமல் பழுப்புக் குச்சிகள் கம்பியில் தொங்கின. சில முனைகளில் வெட்டுவாய்வழியே நீர் சொட்டிற்று. நம்மோடு வந்த சிறுவன் ஒருவன் விரலில் அதைத் தொட்டு, கொடி செத்துவிட்டதா என்று கேட்டான்.

"நாலு மாசம் கழிச்சு வா தம்பி" என்று சொல்லிவிட்டு, அவர் கத்தரியைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.