காம் போர்ட் காட்டவில்லை

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் மலிவான அர்டுயினோ ஊனோவில், யுஎஸ்பி வாய்க்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்புச் சில்லு இருக்கும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் சிஎச்340 என்று தெரியும். கணினி யுஎஸ்பியில் பேசுவதை போர்டுக்குப் புரியும் சீரியலாக மாற்றித் தருவது அதன் வேலை. அசல் போர்டில் இந்த வேலைக்கென்றே ஏடிமெகா16யு2 என்று இன்னொரு மைக்ரோகண்ட்ரோலர் உண்டு. சீனத்துச் சில்லு மலிவு என்பதால்தான் பள்ளிக்கூடப் பையன்கள் கைக்கும் போர்டு வருகிறது. ஆனால் அசலுக்கான டிரைவர் அர்டுயினோ மென்பொருளோடு வந்துவிடும். பழைய விண்டோஸில் சிஎச்340-க்கு நாம்தான் தேடிப் போட வேண்டும்.

ஆலத்தியூரில் என் சித்தி பையன் மாட்டிக்கொண்டது இதில்தான். ரோட்டோர வீடு. சுண்ணாம்புக்கல் லாரி போகும்போதெல்லாம் திண்ணையில் வெள்ளைப் படலம் படியும். எந்த நேரத்தில் தூசி அதிகம், அப்பாயியை எப்போது உள்ளே உட்காரச் சொல்லலாம் என்று அவனுக்கு எண்ணாகத் தெரிய வேண்டும். ஷார்ப் தூசி சென்சார் ஒன்றும் போர்டும் வாங்கிவிட்டான்.

“அண்ணே, காம் போர்ட்டே காட்ட மாட்டேங்குது. போர்டு செத்துப்போச்சா?”

“லைட் எரியுதா?”

“எரியுது.”

“அப்ப உயிர் இருக்குடா.”

கணினி, சொந்தத்துக்குள் கைமாறிக் கைமாறி வந்த அரசு லேப்டாப். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் ஆரம்ப லேப்டாப்களில் விண்டோஸ் 7-ம் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. நான் பார்த்த வீடுகளில் எல்லாம் முதலில் அழிக்கப்பட்டது பாஸ்தான். இதிலும் விண்டோஸ் மட்டுமே மிச்சம். டிரைவர் என்று அவன் ஏதோ தளத்திலிருந்து இறக்கியதில் விளம்பரங்கள்தான் வந்து குதித்தன. சரியான டிரைவர் கிடைத்தாலும், புதிய அர்டுயினோ ஐடிஇ 2-க்கு விண்டோஸ் 10 வேண்டும். பழைய 1.8-ஐ வைத்து ஒப்பேற்றலாம்தான். நான் உபுண்டு 22.04 போடச் சொன்னேன். சிஎச்340-க்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது.

“இது டூப்ளிகேட் சில்லாண்ணே?” என்று நடுவில் கேட்டான்.

இல்லை. சிஎச்340 தன் சொந்தப் பெயரில் விற்கும் சில்லு. டூப்ளிகேட் கதை வேறு. ஸ்காட்லாந்தின் எஃப்டிடிஐ நிறுவனம் செய்யும் எஃப்டி232 சில்லுக்குத்தான் போலிகள் பெருகின. 2014 அக்டோபரில், விண்டோஸ் அப்டேட் வழியாகப் போன அதன் டிரைவர், போலிச் சில்லைக் கண்டால் அதன் அடையாள எண்ணைப் பூஜ்யமாக மாற்றிவிட்டது. அதன்பின் விண்டோஸுக்கு அந்தச் சில்லை அடையாளம் தெரியாது. எதிர்ப்பு கிளம்பியதும் டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். பெயரைக் காப்பாற்றிக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் போலியைச் செய்தவன் காசு பார்த்துவிட்டுப் போய்விட்டான். அடி வாங்கியது, அது போலி என்றே தெரியாமல் கடைசியில் காசு கொடுத்து வாங்கியவன். லினக்ஸ்காரர்கள் அதே மாதம் அந்தப் பூஜ்ய எண்ணையும் ஏற்கும்படி டிரைவரில் ஒரு திருத்தம் போட்டார்கள். எனக்கு இந்தப் பக்கம் சாய்வு இருப்பதற்கு அந்தத் திருத்தமும் ஒரு காரணம்.

அதற்காக லினக்ஸில் எல்லாம் வழுக்கிக்கொண்டு போய்விடாது. போர்ட் ஒரு நொடி தெரிந்து மறைந்தது. பார்வையற்றோருக்கான ஒரு பிரெய்ல் கருவியும் இதே அடையாள எண்ணில் வருகிறதாம், உபுண்டு 22.04-ல் இருக்கும் பிரெய்ல் மென்பொருள் போர்டை அந்தக் கருவி என்று நினைத்து இழுத்துக்கொள்கிறது. வீட்டில் யாருக்கும் தேவைப்படாததால் அதை நீக்கச் சொன்னேன். அப்புறம் ‘அனுமதி இல்லை’ என்றது. பயனரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வர வேண்டும். மோடத்தையே பார்த்திராத பையனுக்கு அந்தப் பெயரை விளக்கப் பத்து நிமிஷம் போனது.

மறுநாள் வரைபடத்தைப் படமெடுத்து அனுப்பினான். காலை ஏழரைக்குமேல் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது.

“அப்பாயிகிட்ட காட்டினியா?”

“காட்டுனேண்ணே. ‘பஸ்ஸுல யாரு வர்றா, யாரு போறான்னு பாக்குற நேரம்டா அது’ன்னு சொல்லிட்டு திண்ணையிலயே ஒக்காந்துருக்கு.”