எதிர்க்காற்று

அந்த வண்டியில் ஏறுவதற்கே கதவுக்குக் கீழே ஒரு படி வைத்திருந்தார்கள். என் மனைவி ஏறி உட்கார்ந்ததும், "என்னங்க, பஸ்ஸுல உக்காந்த மாதிரியே இருக்கு" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. முன்னால் நின்று பார்த்தால் பானெட் என் நெஞ்சு வரைக்கும் வந்தது.

டெக்சஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் மிட்லண்ட் என்றொரு ஊர். பூமிக்கடியில் எண்ணெய், பூமிக்கு மேலே மேடு பள்ளம் இல்லாத பொட்டல், நடுவே காற்று. மகளும் மாப்பிள்ளையும் அங்கேதான் இருக்கிறார்கள். அந்த ஊரில் கார் வைத்திருப்பவர்களை எண்ணிவிடலாம், மற்ற எல்லோரிடமும் பிக்கப் ட்ரக்தான். நம் ஊரில் காய்கறி ஏற்றும் சின்ன பிக்கப்பை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், நாலு சக்கரத்துக்கும் இழுவை, ஐந்து பேர் சொகுசாக உட்காரும் கேபின், அதற்குப் பின்னால் ஒரு தொட்டி. மாப்பிள்ளையின் வண்டித் தொட்டியில் நான் பார்த்த அதிகபட்ச சுமை ஒரு மூட்டை நாய்த்தீனி.

நான் கேட்ட முதல் கேள்வி நம்மூர்க்காரர் எவரும் கேட்பதுதான். "என்ன மைலேஜ் குடுக்குது?"

மாப்பிள்ளை சிரித்துவிட்டு, வாங்கும்போது கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை எடுத்து வந்து காட்டினார். அங்கே புது வண்டி ஒவ்வொன்றிலும் அரசு சொல்லும் மைலேஜை ஒட்டியாக வேண்டும். நகரத்தில் காலனுக்கு 16 மைல், நெடுஞ்சாலையில் 22, இரண்டும் கலந்து 18. அவர்களுடைய காலன் 3.785 லிட்டர், மைல் 1.609 கிலோமீட்டர். காலனுக்கு இத்தனை மைல் என்பதை 0.425 ஆல் பெருக்கினால் நம் கணக்கு வந்துவிடும். 18 என்பது லிட்டருக்கு ஏழரை கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஐம்பத்தைந்து பேர் உட்கார்ந்து இருபது பேர் நின்று போகும் நம் பஸ் அப்போது ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்தது. அதை நினைத்துக்கொண்டேன், வெளியே சொல்லவில்லை.

எனக்கு இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்றால், அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ஒரு கிளையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் டீசல் கணக்கு. ஒவ்வொரு வண்டிக்கும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர், ஓட்டியவர் யார் என்று எழுதி, மாதக் கடைசியில் ஒவ்வொரு ஓட்டுநரின் கே.எம்.பி.எல். எடுத்துப் பட்டியல் போடுவேன். பட்டியலின் அடியில் இருப்பவருக்கு மெமோ போகும். அந்தப் பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஏறும் நாளன்று என் மேஜைப் பக்கம் யாரும் டீ குடிக்கக் கூப்பிட வரமாட்டார்கள்.

மிட்லண்டில் எனக்கு வேலை இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டேன்.

மாப்பிள்ளை, "டாஷ்போர்டுலயே காட்டுது மாமா" என்றார். டாஷ்போர்டு காட்டியது 18.1. நான் டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் போட்டால் 17.2. மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் டாஷ்போர்டு கூட்டித்தான் சொன்னது. அதன் பிறகு ஒரே பங்க், ஒரே பம்பு, முதல் க்ளிக்கோடு நிறுத்துவது என்று விதி வைத்தேன். அங்கே நாமேதான் பெட்ரோல் போட்டுக்கொள்ள வேண்டும், அதனால் விதியை மீற ஆளில்லை.

மைலேஜ் எங்கே போகிறது என்று ஒரு மாதத்தில் ஓரளவு பிடிபட்டது. மகளைக் கூட்டிவரக் கடை வாசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் நிற்பது ஒன்று, அப்போது ஓடும் மைல் பூஜ்யம். பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலப்பது இன்னொன்று, அதில் மூன்று சதவீதம் போல அடிபடும். பக்கத்து வீட்டுக்காரர் தொட்டியின் பின்கதவைத் திறந்து போட்டுக்கொண்டே ஓட்டுவார், காற்று தடையில்லாமல் வெளியே போகுமாம். நிஜத்தில் மூடி வைப்பதுதான் நல்லது. மூடியிருந்தால் தொட்டிக்குள் காற்று சுழன்றுகொண்டு ஒரு மெத்தை மாதிரி நிற்கும், மேலே வரும் காற்று அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். அவரிடம் சொல்லிப் பார்த்தேன். என் ஆங்கிலம் அவருக்குப் புரியவில்லையா, புரிந்தும் நம்பவில்லையா தெரியாது.

ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரியது வேகம். அந்தப் பக்கத்து நெடுஞ்சாலையில் மணிக்கு 80 மைல் வரை அனுமதி, அதாவது 129 கிலோமீட்டர். தாளில் ஒட்டிய எண் சாலையில் ஓட்டி எடுத்ததல்ல, ஆய்வகத்தில் உருளைமேல் நிறுத்தி ஓட்டி எடுத்தது. அதில் நெடுஞ்சாலைச் சோதனை என்பது வெகுகாலம் சராசரி 48 மைல், உச்சம் 60 மைல்தான். 2008 மாடலிலிருந்துதான் அதிவேகம், ஏசி, குளிர் இவற்றுக்கும் சோதனை சேர்த்து எண்ணைக் கீழே இறக்கினார்கள். மைலேஜுக்காக ஃபோர்டு 2015-இல் தன் எஃப்-150 வண்டியின் உடம்பை அலுமினியத்துக்கு மாற்றி, சில மாடல்களில் 300 கிலோ வரை எடையைக் குறைத்தது. எடை குறைந்தால் ஊருக்குள் லாபம். 75 மைலில் போகும்போது எஞ்சின் சண்டை போடுவது எடையோடு இல்லை, காற்றோடு. முகம் அதே சுவர் மாதிரிதானே இருக்கிறது?

ஏப்ரலில் மாப்பிள்ளைக்கு எல் பாசோவில் ஒரு வேலை வந்தது. மேற்கே சுமார் 300 மைல். நானும் நோட்டும் கூடப் போனோம். அன்றைக்கு மேற்கிலிருந்து காற்று. சாலையோரத்தில் மண் பறந்தது, எதிரே வந்த லாரிகள் ஆடின. மாப்பிள்ளை க்ரூஸ் கன்ட்ரோலில் 75 வைத்துவிட்டுக் காலை எடுத்துவிட்டார். ஆகவே ஓட்டுநரின் கால் என்ற சந்தேகம் இதில் கிடையாது. போய்ச் சேர்ந்து நிரப்பினால் 20.8 காலன். காலனுக்கு 14.4 மைல்.

"பரவால்ல மாமா, நாளைக்குத் திரும்பும்போது இதே காத்து பின்னாடி இருந்து தள்ளும். கணக்கு நேராயிரும்" என்றார் மாப்பிள்ளை.

நான் ஒன்றும் பேசவில்லை. அந்த வார்த்தையை எங்கேயோ கேட்டிருக்கிறேன், அதுவும் என் குரலிலேயே கேட்டிருக்கிறேன் என்று பட்டது.

மறுநாளும் அதே காற்று, அதே 75. வீடு வந்து நிரப்பினால் 13.4 காலன், 22.4 மைல். மாப்பிள்ளை 14.4-ஐயும் 22.4-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து, "18.4! தாளில் இருக்கறதைவிட மேலே!" என்றார். டீசல் கணக்கு எழுதுகிறவன் அப்படி வகுக்க மாட்டான். மொத்தம் 600 மைல், மொத்தம் 34.2 காலன், ஆகவே 17.5. இரண்டு வாரம் கழித்து அதே வேலைக்கு அதே ஊருக்கு அதே வேகத்தில் போய் வந்தோம். இந்தத் தடவை ஒரு இலை அசையவில்லை. 600 மைலுக்கு 32.3 காலன், 18.6.

அதாவது காற்று தள்ளிக் கொடுத்தது, பிடித்து இழுத்ததைவிடக் குறைவு. கணக்கு நேராகவில்லை.

அன்று இரவு தூக்கம் வராமல் நோட்டில் போட்டுப் பார்த்தேன். காற்றின் தடை வேகத்தைப் போல ஏறாது, வேகத்தின் வர்க்கமாக ஏறும். எண்களை நம் பஸ்ஸுக்கு மாற்றிப் போட்டேன். பஸ் 60-இல் போகிறது, எதிரே 30-இல் காற்று. பஸ்ஸின் முகத்தில் அடிப்பது 90. தொண்ணூறு தொண்ணூறு 8,100. திரும்பும்போது அதே காற்று பின்னால், முகத்தில் படுவது 30 மட்டுமே. முப்பது முப்பது 900. இரண்டும் சேர்த்து 9,000. காற்றே இல்லாவிட்டால் 3,600-உம் 3,600-உம் 7,200. போகவர ஆன பின்னும் காற்றுக்கு மட்டும் கால் பங்கு கூடுதல் செலவு. டீசலில் டயருக்கும், ஸ்டாப்பில் நின்று கிளம்புவதற்கும் போகிறது பாதிக்கு மேல். அதனால் கே.எம்.பி.எல். கால் பங்கு விழாது. ஆனால் கட்டாயம் விழும்.

1996 என்று நினைவு. ஆடி மாதம். உடுமலை வழியாகப் பொள்ளாச்சிப் பக்கம் போகும் வண்டியின் ஓட்டுநர் இரண்டு மாதம் தொடர்ந்து பட்டியலின் அடியில் இருந்தார். இலக்கு 4.8, அவர் 4.5. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு நேர் எதிரே போகும் வழித்தடம் அது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற நாட்கள். விளக்கக் கடிதத்தில் ஒரே வரி எழுதியிருந்தார், காற்று அதிகம் என்று. கூப்பிட்டுக் கேட்டதற்கு, "காத்துங்க சார், வண்டிய நவுத்தவே விட மாட்டேங்குது" என்றார். நான்தான் சொன்னேன்: "போறப்ப எதிர்க்காத்துன்னா வர்றப்ப பின்காத்துதானே? கணக்கு நேராயிடுமே." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பில் "விளக்கம் ஏற்கத்தக்கதல்ல" என்று எழுதி மேலே அனுப்பினேன். மூன்று மாதம் ஊதிய உயர்வு நிறுத்தம். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை, டீசல் விற்கிறார் என்று டிப்போவில் ஒரு பேச்சு கிளம்பியது. அதை நான் கிளப்பவில்லை. மறுத்தும் பேசவில்லை.

ஊர் திரும்பியதும் விசாரித்தேன். தாராபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் மகனோடு இருக்கிறார் என்றார்கள். போன மாதம் போனேன். நோட்டையும் எடுத்துக்கொண்டேன். எண்பதைத் தொடுகிற வயது, காது கொஞ்சம் மந்தம், பேச்சு தெளிவு. என்னை அடையாளம் தெரிந்து, "வாங்க சார்" என்று கட்டிலில் இடம் காட்டினார். மருமகளிடம் மோர் கொண்டுவரச் சொன்னார்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். 8,100, 900 எல்லாம் காட்டினேன். நான் சொன்னது தப்பு, உங்கள் விளக்கம்தான் சரி என்று சத்தமாகவே சொன்னேன், காது கேட்க வேண்டுமே. நோட்டைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அதெல்லாம் சரிங்க சார். ஆனா வர்றப்ப பின்காத்து ஏதுங்க?"

எனக்குப் புரியவில்லை.

"என்ற வண்டி மத்தியானம் ரெண்டு மணிக்குக் கெளம்பும். காத்து அப்பத்தான் வேகம் எடுக்கும். போயி அங்கேயே நைட் ஹால்ட்டு. விடியக்காலம் நாலரைக்கு எடுத்துட்டு வருவேன். அந்நேரத்துக்குக் காத்து எங்கீங்க இருக்கும்? அது தூங்கிட்டிருக்கும்."

அந்த வண்டியின் நேர அட்டவணை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. இத்தனை வருடமும் வர்க்கம் தெரியாமல் தப்புச் செய்தேன் என்றுகூடச் சொல்லிக்கொள்ள முடியாது. கிளம்பும் நேரத்தைப் பார்த்திருந்தால் போதும்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"எல்லாரும் சிரிச்சீங்க. அப்பறம் என்னத்தச் சொல்றது." கோபமில்லாமல்தான் சொன்னார். "மெதுவா ஓட்டினா டீசல் நிக்குமுங்க. ஓட்டியும் பாத்தேன். பொள்ளாச்சில பத்து நிமிசம் லேட்டுன்னு அதுக்கொரு மெமோ வந்துச்சு. அது உங்க செக்சன் இல்லீங்க, வேற செக்சன்."

மோர் வந்தது. குடித்தோம். மூன்று மாத இன்க்ரிமென்ட் இன்றைய கணக்கில் என்ன ஆகும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். அதை எடுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

"அந்த அமெரிக்கா வண்டி என்ன குடுக்குதுங்க சார்?"

"ஏழரைங்க."

"டீசலா?"

"பெட்ரோல்."

"எத்தனை பேரு போவாங்க?"

"ரெண்டு பேரு. நானும் மாப்பிள்ளையும்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து, அப்புறமும் சிரித்தார். மருமகள் வெளியே வந்து என்னவென்று கேட்டாள். "இந்த சாருக்கு ஒரு மெமோ அடிக்கோணும்" என்றார்.