மலைப் பந்தயத்திற்கு ஒரு ஜோடிக் காலணி

செருப்பின் அருமை வெயிலில் தெரியும், நெருப்பின் அருமை குளிரில் தெரியும் என்பது பழமொழி. டாக்குரியாவில் உள்ள நம் இல்லத்திலோ செருப்பின் அருமை சென்ற ஐப்பசி மாதத்தில், வெயிலும் குளிரும் இல்லாத வேளையில் தெரியலாயிற்று. நம் தமக்கையாரின் மகன் கல்லூரியில் இறுதி ஆண்டு பயில்பவன். அவன் மலைநாட்டுச் சாகசப் பந்தயம் ஒன்றிற்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து, அதற்கென்று தனியாகச் சைக்கிள் காலணி வேண்டும் என்றான். விலை ரூ.18,000 என்றான். அவன் தகப்பனார் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அண்டை வீடுகளுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுத்துத் தமக்கையார் சேர்த்து வைத்திருந்த தொகையும் ஏறக்குறைய அவ்வளவே. ஆகவே தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம் தலைமேல் வந்தது. பள்ளி இறுதித் தேர்வுக்கு மேல் நமக்கு ஏட்டுக் கல்வி இல்லை. எனினும் ரயில்வேயில் எழுத்தராய் இருப்பவனுக்கு எதையும் விசாரித்து எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. அவ்வாறு அறிந்தவற்றை, இத்தகைய பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கும் அன்பர்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே தருகின்றோம்.

சாகசப் பந்தயம் என்பது வெறும் சைக்கிள் ஓட்டமன்று. நடை, ஓட்டம், மலைச் சைக்கிள், படகு, கயிற்றில் இறங்குதல் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக, வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடித்துக்கொண்டே, குழுவாகச் செய்து முடிப்பது. 1989-ஆம் ஆண்டில் நியூஸிலாந்தில் நடைபெற்ற ‘ரெய்ட் கோல்வாஸ்’ என்ற பந்தயத்திலிருந்து இது உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் பூனாவை அடுத்த சஹ்யாத்ரி மலையில் ‘எண்டூரோ 3’ என்னும் பந்தயம் மூவர் குழுக்களாக நடைபெற்று வந்துள்ளது. 2019-இல் பிஜித் தீவுகளில் நடந்த ‘ஈக்கோ சேலஞ்ச்’ பந்தயத்தில், எவரெஸ்ட் ஏறிய இரட்டைச் சகோதரிகளான தாஷி மாலிக், நுங்ஷி மாலிக் ஆகியோர் இந்தியக் குழுவொன்றுடன் கலந்துகொண்டனர். இவற்றிலெல்லாம் பொதுவான விதி ஒன்றுண்டு: குழுவினர் அனைவரும் சேர்ந்தே முடிக்க வேண்டும். ஒருவன் காலில் கொப்புளம் கண்டு உட்கார்ந்துவிட்டால் மற்றவர் உழைப்பும் அவனோடு உட்கார்ந்துவிடும். காலணி விஷயம் அற்பமன்று என்பதற்கு இஃதொன்றே போதும்.

நம் ஊரில் சைக்கிளுக்குப் பழைய பெருமை இல்லாமலில்லை. 1926-ஆம் ஆண்டில் பிமல் முகர்ஜி என்ற வங்க இளைஞர் தோழர்களுடன் கல்கத்தாவிலிருந்து சைக்கிளில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 1937-இல் திரும்பினார். அதே நகரத்தில் 2013-ஆம் ஆண்டில் 174 சாலைகளில் சைக்கிள் செல்லத் தடை விதித்தார்கள். பின்னர் அது ஓரளவு தளர்ந்தது. பையன் விடியற்காலையில் எழுந்து சந்து பொந்துகளில் பழகிவிட்டு வருகிறான். மேடு என்று சொல்லிக்கொள்ள டாக்குரியாவில் மேம்பாலம் ஒன்றுதான் உண்டு; மலைக்குப் போகிறவன் பாலத்தில் பழகுவதைக் கண்டு நாம் சிரித்ததுண்டு.

இனிக் காலணிக்கு வருவோம். பந்தயச் சைக்கிள்காரர் காலணியின் அடியில் ‘கிளீட்’ என்னும் சிறு துண்டைத் திருகி, அதைப் பெடலில் மாட்டிக்கொள்கிறார்கள். மிதிக்கும்போதும் தூக்கும்போதும் கால் பெடலை விட்டு நழுவாது. குதிகாலை வெளிப்புறம் திருப்பினால் விடுபடும். சாலைப் பந்தயக் காலணியில் இத்துண்டு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அதை அணிந்தவர் வாத்தைப் போல நடப்பார். 1990-இல் ஜப்பானிய ஷிமானோ நிறுவனத்தார் இரண்டு திருகாணிகளால் பொருத்தும் சிறிய கிளீட்டையும், அதை ரப்பர் அடியின் பள்ளத்தில் மறைத்துக்கொள்ளும் காலணியையும் வெளியிட்டனர். மலைச் சைக்கிள்காரன் இறங்கி நடக்க முடிந்தது இதனால்தான்.

பையன் விரும்பியதோ கார்பன் அடி கொண்ட ஜோடி. பலகை போல் விறைப்பானது. மிதிக்கும் வலிமை வளைவில் வீணாகாமல் பெடலுக்குச் செல்லும் என்பது அதன் பெருமை. அது உண்மையே. தமக்கையார் ஒன்றுதான் கேட்டார்: “தம்பி, அந்தப் பந்தயத்தில் இவன் சைக்கிள்மேல் போகிற நேரம் எவ்வளவு, சைக்கிள் இவன்மேல் போகிற நேரம் எவ்வளவு?” முந்திய ஆண்டு சென்றுவந்த குழுத்தோழன் ஒருவனை விசாரித்தோம். சைக்கிள் பகுதியிலும் மூன்றில் ஒரு பங்கு, பாறையிலும் ஓடையிலும் அதைத் தோளில் சுமந்து நடந்ததாகச் சொன்னான். எல்லாம் தீர்ந்துவிட்டது. சவாரிக்காக அன்று, நடைக்காகவே இக்காலணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மாலையில் கடைக்குப் போனோம். மாலை என்பது வேண்டுமென்றே. பகலெல்லாம் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். பந்தயத்தில் இன்னும் வீங்கும். காலையில் அளவு பார்த்தால் அது அன்றைய காலைக்கு மட்டுமே பொருந்தும். பந்தயத்தில் அணியப்போகும் காலுறையையும் எடுத்துச் சென்றோம். பருத்தி உறை ஈரத்தைப் பிடித்து வைத்துத் தோலை உரிக்கும் என்பதால் மெல்லிய கம்பளி உறை. நிற்கும்போது பெருவிரலுக்கு முன்னே ஒரு விரற்கடை இடம் இருத்தல் வேண்டும். இல்லையேல் இறக்கத்தில் விரல்கள் முட்டி நகம் கருத்துப்போகும். நம்மவர் பாதம் முன்புறம் அகன்றது. குறுகிய வார்ப்பில் செய்த காலணிகளைப் பையன் ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தான்.

குதியையும் நுனியையும் பிடித்து வளைத்துப் பார்த்தோம். நடுப்பகுதி வளையாமலும் விரற்பகுதி மட்டும் வளைந்தும் கொடுத்ததையே ஏற்றோம். அடி முழுவதும் ரப்பர் இருக்கவேண்டும். பிளாஸ்டிக் முனைகள் ஈரப்பாறையில் வழுக்கும். நீர் புகாத காலணியைக் கடைக்காரர் மிகப் புகழ்ந்தார். ஆனால் ஓடையைக் கடக்கையில் நீர் கணுக்கால் வழியாக மேலிருந்து புகும்; புகுந்தபின் அக்காலணி தொட்டியாகிவிடும். வலைத்துணி வைத்தது நனைந்தாலும் வடிந்துவிடும். திருகுசக்கரத்தால் இறுக்கும் வகை கண்ணுக்கு அழகு. அதன் கம்பி காட்டில் அறுந்தால் யார் சரிசெய்வது? கயிற்றுக்கோ எந்த நூலும் உதவும். முடிச்சைச் செருகி வைத்தால் சங்கிலியிலும் சிக்காது. “மாமா, பழைய மாதிரி இருக்கிறதே!” என்றான் பையன். “பழைய மாதிரிதான் வீடு வந்து சேரும்” என்றோம். கயிறு வைத்த நைலான் அடிக் காலணியை ரூ.7,900-க்கு வாங்கினோம்.

கிளீட் இல்லாமல், முள் பதித்த தட்டைப் பெடலில் சாதாரண ஓட்டக் காலணியோடு போகிறவர்களும் உளர். காலணி மாற்றும் வேலை அவர்களுக்கு இல்லை. ஆயினும் மென்மையான அடி பல மணி நேரம் பெடலில் அழுந்த, பாதம் எரியும். கைச்செலவுக்கு வழியில்லாதவர்க்கு அதுவும் குறைவான வழியன்று என்பதே நம் கருத்து.

கிளீட்டைப் பெருவிரல் மொழிக்கு நேராகவோ சற்றுப் பின்னாகவோ பொருத்த வேண்டும். 4 மில்லிமீட்டர் அறுகோணச் சாவி போதும். முதல் சவாரிக்குப் பின் திருகாணியை மறுபடி இறுக்க வேண்டும்; தளர்ந்தால் கால் விடுபடாமல் சைக்கிளோடு சாய நேரும். பல திசையிலும் விடுவிக்கும் வகைக் கிளீட் புதியவர்க்கு நல்லது. அதைத் தனியே கேட்டு வாங்கினோம். பின் மூன்று வாரம், ஏரியைச் சுற்றி நடக்கும்போதும் அவன் அதே காலணியை அணிந்தான். காலை நடைக்கு வந்தவர்கள் டக்டக்கென்ற ஓசையைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

நம் தொழில் சார்ந்த ஒரு வார்த்தை. ஹௌராவிலிருந்து பூனாவிற்கு ‘ஆஸாத் ஹிந்த்’ எக்ஸ்பிரஸில் சென்றார்கள். சைக்கிளை லக்கேஜாகப் பதிந்து பிரேக் வானில் ஏற்ற வேண்டும். அது எப்போதாவது பிந்தி வருவதுண்டு. சைக்கிளை இரவல் வாங்கலாம். பழகிய காலணியை இரவல் வாங்க முடியாது. ஆதலின் காலணியைக் கைப்பையில் வைக்கச் சொன்னோம்.

குழு முழுமையாக முடித்தது, இடம் பதினெட்டாவது. நாலரை மணி நேரம் சைக்கிளைச் சுமந்தார்களாம். பையனுக்குக் குதியில் ஒரே கொப்புளம்; நகங்கள் பத்தும் நலம். சேற்றோடு வந்த காலணியை வெயிலில் வைத்தால் ஒட்டுப்பசை விடும். நம் ஊர் ஈரக்காற்றில் அப்படியே விட்டாலோ பூஞ்சணம் பூக்கும். கழுவி, பழைய செய்தித்தாளைத் திணித்து, மின்விசிறியின் கீழ் வைத்து, ஆறு மணிக்கொரு முறை தாளை மாற்றினோம். மிஞ்சிய தொகையில் தலையில் கட்டும் விளக்கொன்று வாங்கலாம் என்று பையன் மெல்லத் தொடங்கினான். தமக்கையார் அதைப் புதிய கிரைண்டருக்கு முன்பணமாக முன்னமே கட்டிவிட்டிருந்தார்.