வெள்ளி ராஜாவுக்கு ஒரு வணக்கம்

மே மாதம். நாளைக்குப் பௌர்ணமி. மதியம் மூன்றரை மணிக்கு, அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், காஸ்பரில்லா என்ற ஒல்லியான தீவின் தென்முனையில் முப்பது நாற்பது படகுகள் நிற்கின்றன. இன்ஜின் உறுமுகிறது, ஆனால் படகு எதுவும் நகரவில்லை. எல்லோரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், மொய் வீட்டில் பந்தி எப்போது போடுவார்கள் என்று காத்திருப்பதைப் போல.

இந்த இடத்தின் பெயர் போகா கிராண்டே. ஸ்பானிஷ் மொழியில் 'பெரிய வாய்' என்று அர்த்தம். பீஸ், மயாக்கா என்ற இரண்டு ஆறுகள் வந்து சேரும் சார்லட் துறைமுக நீரின் பெரும்பகுதி இந்த முகத்துவாரம் வழியாகத்தான் மெக்சிகோ வளைகுடாவுக்குள் போகிறது. ஃப்ளோரிடாவின் மிக ஆழமான இயற்கை முகத்துவாரங்களில் இது ஒன்று. சில இடங்களில் ஆழம் 70 அடிக்கு மேல். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய வற்றத்தில் இவ்வளவு தண்ணீரும் ஒரே மூச்சில் கடலுக்கு இறங்கும்போது, கடற்புல் படுகைகளில் இருக்கும் நண்டுகளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். நீரின் மேல் மிதந்து போகும் அந்த நண்டுகளுக்காக அடியிலிருந்து ஒரு கூட்டம் மேலே வரும்.

அதுதான் தார்ப்பன். உள்ளூர்க்காரர்கள் கொடுத்த பட்டப்பெயர் 'வெள்ளி ராஜா'.

பெயர் பொருத்தம்தான். உள்ளங்கையை நிறைக்கும் பெரிய செதில்கள், கண்ணாடி போலப் பளபளக்கும் உடம்பு, மேல்நோக்கித் திறக்கும் அகலமான வாய். இங்கே வசந்த காலத்தில் வரும் பெண் மீன்கள் சாதாரணமாகவே 45 கிலோவுக்கு மேல் இருக்கும். ஐம்பது வருடத்துக்கு மேல் வாழக்கூடியவை. அதாவது, தூண்டிலைப் பிடித்திருப்பவரைவிட தூண்டிலில் இருக்கும் மீனுக்கு வயது அதிகமாக இருக்கலாம்! இதன் சின்ன உறவுக்கார இனம் ஒன்று இந்தியக் கழிமுகங்களிலும் உண்டு. ஆனால் அது இந்த அளவுக்கு வளராது.

இன்னொரு விசேஷம், தார்ப்பன் காற்றைச் சுவாசிக்கும். செவுள் இருந்தாலும் அவ்வப்போது மேலே வந்து, முதுகைக் காட்டிப் புரண்டு, ஒரு வாய் காற்றை விழுங்கிக்கொண்டு போகும். அதன் காற்றுப்பை நுரையீரலைப் போல வேலை செய்கிறது. வழிகாட்டிகள் தேடுவது அந்தப் புரளலைத்தான். கூட்டம் எந்தப் பக்கம் போகிறது, நிதானமாக இருக்கிறதா, பயந்திருக்கிறதா என்பதையெல்லாம் அந்த ஒரு நொடி முதுகை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

இன்று படகை ஓட்டுபவர் இந்தத் துறையிலேயே வளர்ந்தவர். எல்லோருக்கும் அவர் 'கேப்டன்'. அமெரிக்காவில் காசு வாங்கிக்கொண்டு ஒருவரைக் கடலுக்குக் கூட்டிப்போக வேண்டுமென்றால் கடலோரக் காவல் படையின் உரிமம் வேண்டும். அதற்குக் குறைந்தது 360 நாள் படகு அனுபவத்தைக் காட்ட வேண்டும். அப்போதும் அடிப்படை உரிமத்தில் ஆறு பயணிகளுக்கு மேல் ஏற்றக்கூடாது. ஆனால் காகிதத்தில் எழுத முடியாத பாடம்தான் பெரிய பாடம். அடியில் எங்கே பள்ளம், எங்கே மேடு, கலங்கரை விளக்கத்துக்கு எதிரே இருக்கும் பள்ளத்தில் எந்த நேரத்தில் மீன் படுக்கும், நீவாடு எத்தனை வேகத்தில் ஓடினால் இரையை எத்தனை அடி ஆழத்தில் விட வேண்டும் என்பதெல்லாம் அப்பா, தாத்தா சொல்லிக் கேட்டு வருவது.

படகில் இன்று இரண்டே விருந்தினர்கள். வடக்கே பனி கொட்டும் ஊரிலிருந்து வந்திருக்கும், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு அப்பா. கூடவே கல்லூரியில் படிக்கும் மகள். அப்பாவுக்கு இது பல வருடக் கனவு. மகளுக்கு அப்பாவின் கனவைப் பார்க்கும் ஆசை.

"மீன் மாட்டினா அது குதிக்கும். குதிக்கிறப்போ நீங்க குனியணும்" என்கிறார் கேப்டன்.

இது வேடிக்கைக்குச் சொல்வதில்லை. தார்ப்பனின் வாய் எலும்பால் ஆனது, முள் லேசில் இறங்காது. மீன் தண்ணீருக்கு மேலே முழு உடம்போடு எகிறித் தலையை உதறும்போது தங்கூசி விறைப்பாக இருந்தால் ஒன்று நரம்பு அறுந்துவிடும், இல்லை முள் தெறித்துவிடும். அந்த நொடியில் இடுப்பை வளைத்து, தூண்டில் கழியை மீனை நோக்கி நீட்டி, நரம்பைத் தளர்த்த வேண்டும். ராஜாவுக்கு வணக்கம் வைப்பது என்று இதற்குப் பெயர்.

நண்டு கோத்த தூண்டில் தண்ணீரில் விழுந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ரீல் அலறியது. ஆளுயர மீன் ஒன்று வெயிலில் மின்னிக்கொண்டு மேலே வந்தது. "குனிங்க, குனிங்க!" என்று கேப்டன் கத்த, அப்பா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே நின்றார். பட் என்று ஒரு சத்தம். நரம்பு தளர்ந்து காற்றில் ஆடியது.

முதல் மீனில் குனிகிறவர்கள் ரொம்பக் குறைவு. அவ்வளவு அழகான ஒன்று எதிரே எழும்பும்போது இடுப்பை வளைக்க யாருக்குத் தோன்றும்?

இந்த மோகம் நேற்று தொடங்கியதல்ல. 1885-ல் டபிள்யூ. எச். வுட் என்ற நியூயார்க்காரர் இதே கரைக்கு சற்றுத் தெற்கே, கழியும் ரீலும் கொண்டு ஒரு தார்ப்பனைப் பிடித்தார். செய்தி பரவியதும் பணக்காரர்கள் ரயில் ஏறி வர ஆரம்பித்தார்கள். பாஸ்பேட் ஏற்றுவதற்காகத் தீவுக்கு வந்த ரயில்பாதை, பிறகு தூண்டில்காரர்களையும் ஏற்றி வந்தது. தீவின் பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படும் காஸ்பர் என்ற கடற்கொள்ளைக்காரனின் கதையைப் பரப்பியதில் ரயில் கம்பெனியின் விளம்பரப் புத்தகத்துக்கும் பங்கு உண்டு. அப்படியொரு ஆள் இருந்ததற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஊருக்குள் போனால் ஆலமரத் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது. இருபுறமும் விழுது விட்ட மரங்கள் மேலே கைகோத்து நிற்க, அதன் நிழலில் மக்கள் கோல்ஃப் வண்டிகளில் போய்க்கொண்டிருப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு ஒரு நிமிடம் எங்கே இருக்கிறோம் என்று குழம்பிவிடும்.

அந்தக் காலத்தில் பிடித்த மீனைக் கரையில் தொங்கவிட்டு, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். முள் நிறைந்த சதை என்பதால் இங்கே பெரும்பாலும் யாரும் சாப்பிடுவதில்லை. போட்டோ முடிந்ததும் மீன் குப்பைதான்.

மேற்கே டெக்சாஸ் கடற்கரையில் போர்ட் அரான்சாஸ் என்று ஓர் ஊர். அங்கே தார்ப்பன் பெயரிலேயே ஒரு விடுதி இருக்கிறது. பிடித்தவர்கள் கையெழுத்திட்டு ஒட்டிய ஆயிரக்கணக்கான செதில்கள் அதன் சுவரை நிறைத்திருக்கின்றன. 1937-ல் வந்துபோன ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் செதிலும் அதில் உண்டு. ஒரு காலத்தில் அந்த ஊருக்கே தார்ப்பன் என்றுதான் பெயர். பிறகு ஊர்ப் பெயரும் மாறியது, மீனும் மெலிந்துபோனது. செதில்கள் மட்டும் சுவரில் இருக்கின்றன. போகா கிராண்டே வழிகாட்டிகளுக்கு அந்தச் சுவர் நன்றாகவே தெரியும்.

இன்று ஃப்ளோரிடாவில் தார்ப்பனைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும். 40 அங்குலத்துக்கு மேற்பட்ட மீனைத் தண்ணீரைவிட்டு வெளியே தூக்கவே கூடாது. சாதனைக்காக முயற்சி செய்பவர் மட்டும் தனியாகக் காசு கட்டி அனுமதிச் சீட்டு வாங்கலாம், அதுவும் வருடத்துக்கு ஒன்று. மடியில் போட்டுப் போட்டோ எடுக்க நினைத்து வருபவர்களுக்கு இதைப் புரியவைப்பதே வழிகாட்டிகளின் பாதி வேலை.

2013-ல் இந்தச் சட்டம் வந்தபோதே இன்னொரு சண்டையும் நடந்தது. முள்ளின் வளைவுக்குக் கீழே ஈயம் கட்டி, அடியில் இறக்கி, சடாரென்று மேலே சுற்றும் ஒரு தூண்டில் முறை அப்போது பிரபலம். மீன் அதைக் கடிப்பதே இல்லை, கூட்டத்துக்குள் முள்ளை இழுத்து வெளியே கொத்துகிறார்கள் என்றார்கள் பழைய வழிகாட்டிகள். அப்படியெல்லாம் இல்லை, எங்கள் திறமை பொறுக்கவில்லை என்றது எதிர்த்தரப்பு. சின்ன ஊர் இரண்டுபட்டு நின்றது. கடைசியில் மாநில வனவிலங்கு ஆணையம் அந்த முறையை இந்த முகத்துவாரத்தில் தடை செய்தது. அதையே நம்பித் தொழில் செய்தவர்களுக்கு அது பெரிய அடிதான். ஆனாலும் அன்று வேறு முடிவு எடுத்திருந்தால் இன்று காத்திருக்க மீன் கூட்டம் மிஞ்சியிருக்குமா என்ற கேள்வி நியாயமானது.

ஐந்து மணி. இரண்டாவது மீன் மாட்டியது. இந்த முறை அப்பா குனிந்தார். மூன்று முறை அது குதித்தது, மூன்று முறையும் வணக்கம் வைத்தார். பதினைந்து நிமிடம் ஆனது, இருபது ஆனது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. மீன் படகுக்கு அறுபது அடி தூரத்தில் புரண்டு காற்றை விழுங்கியது.

அப்போது அதன் பின்னால் உயரமான ஒரு துடுப்பு நீரைக் கிழித்துக்கொண்டு வந்தது.

கொம்பன் சுறா. தலை சுத்தியல் போல இருக்கும் பெரிய சுறா. தார்ப்பன் வரும் காலம் அதற்கும் தெரியும். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த முகத்துவாரத்திலேயே கவனித்துப் பார்த்ததில், ஐந்து நிமிடத்துக்கு மேல் தூண்டிலில் நின்ற தார்ப்பன்களில் சுமார் 15 சதவீதத்தைச் சுறாக்கள் தின்றிருந்தன. களைத்துப்போய், கட்டிப்போட்ட நிலையில் இருக்கும் மீனால் தப்பிக்க முடியாது.

"ரீலைத் திறந்து விடுங்க!" என்றார் கேப்டன்.

அப்பா தயங்கினார். பல வருடக் கனவு, பல நூறு டாலர் காசு, மீன் கையெட்டும் தூரம். "இன்னும் ரெண்டே நிமிஷம்..." என்று ஆரம்பித்தார்.

கேப்டன் காத்திருக்கவில்லை. ஒரு எட்டு வைத்து, இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து நரம்பை அறுத்தார்.

தண்ணீர் ஒரு முறை கொதித்து அடங்கியது. தார்ப்பன் தப்பித்ததா, இல்லையா? படகிலிருந்து பார்த்தால் தெரியாது. ரத்தம் எதுவும் மிதக்கவில்லை என்பது மட்டும்தான் தெரிந்தது. அப்பா கழியைக் கீழே வைத்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. காசு கொடுத்தவரின் கோபத்தைத் தாங்கிக்கொள்வதும் இந்தத் தொழிலில் ஒரு பகுதிதான்.

சுறாவைக்கூடச் சமாளிக்கலாம், அது இயற்கை. கேப்டன்களைக் கவலைப்பட வைப்பது கரையில் நடப்பவை. தார்ப்பன் கடலில் வெகுதூரம் போய்த்தான் முட்டையிடுகிறது. குஞ்சுகள் கண்ணாடி நாடா போல மிதந்து வந்து, கரையோர அலையாத்திக் காடுகளின் தேங்கிய குட்டைகளில் ஒதுங்குகின்றன. பிராணவாயு குறைந்த அந்தக் கறுப்புத் தண்ணீரில் மற்ற பெரிய மீன்களால் பிழைக்க முடியாது. காற்றை விழுங்கத் தெரிந்த தார்ப்பன் குஞ்சு மட்டும் பிழைத்துக்கொள்ளும். எதிரி வர முடியாத தொட்டில் அது. பார்க்கிறவர் கண்ணுக்கோ வெறும் கொசுக் குட்டை. தூர்த்து வீடு கட்டிவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. ஒரு பெண் மீன் முட்டையிடும் வயதுக்கு வர ஏறக்குறையப் பத்து வருடம் ஆகும். ஆகவே இன்று மூடிய குட்டைக்கான கணக்கு பத்து, பதினைந்து வருடம் கழித்துத்தான் தெரியும்.

புயலும் இந்த ஊரை விட்டுவைப்பதில்லை. முகத்துவாரத்துக்கு நேர் எதிரே இருக்கும் காயோ கோஸ்டா தீவில்தான் 2004-ல் சார்லி புயல் கரையேறியது. 2022 செப்டம்பர் 28-ல் இயன் புயலும் அதே தீவில் கரையேறியது. வீடுகளும் படகுத்துறைகளும் நொறுங்கின. 1890-ல் கட்டிய கலங்கரை விளக்கம் நின்றது. அடுத்த வசந்தத்தில் தார்ப்பனும் வந்தது.

ஆறரை மணிக்கு மகள் கழியை வாங்கிக்கொண்டாள். வெயில் சாய்ந்து தண்ணீர் செம்பு நிறமாகியிருந்தது. நண்டுகள் இன்னும் மிதந்து போய்க்கொண்டிருந்தன. அவளுக்கு மாட்டியது கொஞ்சம் சின்ன மீன். அது குதித்தபோது அவளுக்கு முன்னால் அப்பா குனிந்துவிட்டார். அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அவளும் குனிந்தாள்.

எட்டே நிமிடம். கேப்டன் சாய்ந்து, நரம்பின் முனையில் இருக்கும் தடித்த பகுதியைக் கையால் தொட்டார். அதைத் தொட்டாலே பிடித்ததாகக் கணக்கு. தார்ப்பன் படகின் ஓரமாகத் தண்ணீரிலேயே கிடந்தது. தட்டுத் தட்டாய்ச் செதில், பெரிய கறுத்த கண். மகள் கையை நனைத்துக்கொண்டு அதன் முதுகை ஒரு முறை தொட்டாள். அப்பா போனை எடுத்தார், பிறகு எடுத்த வேகத்திலேயே பையில் போட்டுவிட்டுப் பார்த்தார். கேப்டன் முள்ளைத் திருப்பி எடுத்தார். வாலை ஒரு தட்டு தட்டிவிட்டு மீன் கீழே போனது.

இருட்டுகிற நேரத்தில் படகு துறைக்குத் திரும்பியது. பெலிக்கன் ஒன்று கம்பத்தில் உட்கார்ந்து இவர்களைப் பார்த்தது. அப்பா இறங்கும்போது கேப்டனின் கையைப் பிடித்து, "அந்த ரெண்டாவது மீன்... நீங்க அறுத்தது சரிதான்" என்றார். கேப்டன் தலையை ஆட்டினார். குழாயைத் திறந்து படகைக் கழுவ ஆரம்பித்தார்.

"நாளைக்கும் வரலாமா?" என்று மகள் கேட்டாள்.

அவர் சுவரில் ஒட்டியிருந்த அலை அட்டவணையைப் பார்த்தார். வற்றம் தினமும் ஐம்பது நிமிடம் போலப் பிந்திக்கொண்டே போகும்.

"நாளைக்கு வேற ஆளுங்க இருக்காங்க. நாளன்னைக்கு வாங்க, அஞ்சு மணிக்கு" என்றார். "தொப்பியை மறக்காதீங்க."