மலை கற்பனை, பாய்ச்சல் மெய்

மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்துச் சௌ நடனக் குழுக்களைப் பற்றி ஆய்வு செய்து வருகிறேன். அதன் பொருட்டுப் போட்டோஷாப் கற்க நேரும் என்று நான் எண்ணியதில்லை. ஒரு குழுவினர் தங்கள் ஃபிளெக்ஸ் பதாகைக்குப் படம் கேட்டார்கள். துர்க்கையும் மகிடாசுரனும் கயிலாயத்தின் முன் நிற்க வேண்டும் என்பதே அவர்களுடைய ஒரே நிபந்தனை.

என் தயக்கத்தை நண்பர்கள் ஊகிக்கலாம். களத்தை உள்ளபடி பதிவு செய்வதற்கே எங்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். 2010இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்ற இக்கலை இன்றும் பெரும்பாலும் திரையோ அரங்கமோ இல்லாத வெற்றுத் தரையில் ஆடப்படுகிறது. அந்தத் தரையை அழித்துவிட்டுப் பனிமலையை வைப்பானேன் என்று கேட்டேன். குழுத் தலைவர் அமைதியாகச் சொன்னார்: “ஆடும்போது மலையை நாங்கள் காட்டிவிடுவோம். தாளில் முரசும் இல்லை, ஆட்டமும் இல்லை. அங்கே மலையை நீங்கள்தான் வைக்க வேண்டும்.”

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. கற்கத் தொடங்கினேன்.

சரிதா கிராமத்துக் கைவினைஞர்கள் காகிதம், களிமண், துணி என்று அடுக்கடுக்காக ஒட்டி முகமூடி செய்கிறார்கள். போட்டோஷாப்பிலும் வேலை அடுக்குகளில்தான் நடக்கிறது. மலை ஓர் அடுக்கு, நிழல் ஓர் அடுக்கு, உருவம் ஓர் அடுக்கு. உருவத்தைச் சுற்றியுள்ளதை மறைக்கும் கருவிக்கும் ‘மாஸ்க்’ என்றே பெயர். உடலின் விளிம்பைப் பென் கருவியால் வெட்டிவிடலாம். ஆனால் முகமூடியின் மேல் விசிறியாய் விரியும் இறகுகளும் மணிச்சரங்களும் அதற்கு அடங்குவதில்லை. இரவு ஆட்டத்தில் எடுத்த படங்களை ஒதுக்கிவிட்டு, மாலை வெயிலில் சாம்பல் நிறத் துணியைப் பின்னே கட்டி மீண்டும் படமெடுத்தோம். இறகுகள் ஓரளவு வசப்பட்டன.

வெட்டுவதைவிடப் பொருத்துவது கடினம். உருவத்தின் மேல் வெயில் இடப்புறமிருந்து விழுந்தால் மலையின் மேலும் இடப்புறமிருந்தே விழ வேண்டும். தொலைவிலுள்ள மலை வெளிறி நீலம் பாரித்திருக்கும். அருகில் நிற்பவரின் கருமை அழுத்தமாக இருக்க வேண்டும். தொடுவானத்தின் உயரம் கேமரா இருந்த உயரத்தோடு ஒத்துப்போகாவிட்டால் துர்க்கை பள்ளத்தில் நிற்பவள் போலத் தெரிவாள். பாதத்தை ஒட்டிய மெல்லிய கரும்நிழல் விடுபட்டால் அவள் தரையிலேயே நிற்கமாட்டாள்.

மகிடாசுரன் பாயும் படத்தில்தான் இந்த நிழல் எனக்கு வேறொன்றையும் கற்பித்தது. அந்தரத்தில் இருப்பவனின் நிழல் பாதத்தை விட்டு விலகிக் கிடக்கும். அந்த இடைவெளிதான் பார்ப்பவருக்குப் பாய்ச்சலின் உயரத்தைச் சொல்கிறது. நிழலைச் சற்றுக் கீழே நகர்த்தினேன். ஆட்டக்காரர் ஓர் ஆள் உயரம் எழும்பியது போலாயிற்று. படம் மிக அழகாக இருந்தது. திரையில் அதைக் கண்ட தலைவர் தலையசைத்து மறுத்தார். “அவன் எழும்புகிற உயரத்துக்கே வையுங்கள். பதாகையைப் பார்த்துவிட்டு ஆட்டம் பார்க்க வருபவர்கள் மலையைத் தேடமாட்டார்கள். பாய்ச்சலைத் தேடுவார்கள்.”

நிழலைப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

ஒட்டுப்படம் என்றாலே பொய் என்று தீர்ப்பளிக்கும் பழக்கம் நம் துறையில் உண்டு. இந்தியாவில் இது புதியதும் அன்று. இராஜஸ்தானின் நாத்துவாராவில் ஓவியர்கள் பக்தர்களின் முகங்களை ஒளிப்படத்திலிருந்து வெட்டி, ஸ்ரீநாத்ஜியை வணங்குவதாகத் தீட்டிய உடல்களில் ஒட்டித் தந்ததுண்டு. எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்னும் வரம்பு அவ்வழக்கங்களுக்குள்ளேயே இருக்கிறது. அந்த வரம்பை எனக்குக் காட்டியவர் ஆட்டக்காரர்.

ஆய்வேட்டில் இரு படங்களையும் அருகருகே சேர்க்கவிருக்கிறேன்: துணி கட்டி எடுத்த மூலப்படம், கயிலாயம் நிற்கும் பதாகை. எது எங்கே மாற்றப்பட்டது என்ற குறிப்பும் இருக்கும். கலைக்குழுக்களுக்குப் பதாகை வடிவமைத்துத் தரும் நண்பர்கள் இங்கிருந்தால், உங்களிடம் அவர்கள் எதை மாற்றச் சொன்னார்கள், எதைத் தொடவிடவில்லை என்று எழுதுங்கள். அறிய ஆவலாயிருக்கிறேன்.