பாற்பாம்பின் பூர்வீகம்

பசுவின் மடியில் வாய்வைத்துச் சாரைப்பாம்பு பால் குடிக்கும் என்ற கதையைக் கேளாமல் வளர்ந்தவர்கள் எமது கிராமங்களில் குறைவு. மாட்டுக்கொட்டிலுக்குள் ஒரு சாரை ஊர்ந்து போனால் போதும். அன்றைய பால் குறைந்ததற்கான பழி அதன் தலையில் விழும். இதே பழியை வட அமெரிக்கக் கமக்காரர்களும் தமது ஊர்ப் பாம்பொன்றின் மீது சுமத்தி, அதற்கு மில்க் ஸ்நேக் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பாற்பாம்பு என்று தமிழில் சொல்லிக்கொள்வோம். பாலை உறிஞ்சும் வாயமைப்பு எந்தப் பாம்புக்கும் கிடையாது. இரண்டு நாட்டுக் கொட்டில்களுக்கும் பாம்பு வருவது எலியைத் தேடித்தான்.

ரொறன்ரோவில் வாழும் நண்பரொருவர், வீட்டின் பின்புறத்தில் கண்ட பாம்பொன்றைப் படமெடுத்து, "எங்கட புடையனைப் போல கிடக்குது, இதென்ன?" என்று கேட்டு எனக்கு அனுப்பியிருந்தார். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை இன்னும் சிலரிடம் மிஞ்சியிருக்கிறது. சாம்பல் உடலில் செம்பழுப்புத் திட்டுகள். தெற்கு ஒன்ராறியோவில் இயற்கையாக வாழும், நஞ்சற்ற, கிழக்குப் பாற்பாம்பு அது. அதைப்பற்றித் தேடப்போன இடத்தில்தான், அதன் உறவுப் பாம்புகளை வீட்டறைகளில் வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் கலப்பின்றிப் பெருக்கும் மனிதர்களைப் பற்றி வாசிக்கக் கிடைத்தது.

இலகுவான வேலையல்ல அது. வடபகுதிப் பாம்புகளை மாரியில் இரண்டு மூன்று மாதங்கள், 10 முதல் 13 பாகை செல்சியஸ் குளிரில், உணவின்றி உறங்க வைக்கிறார்கள். அந்த உறக்கத்தின் பின்னரே அவை ஒழுங்காக இணைசேரும். ஒவ்வொன்றுக்கும் தனிப்பெட்டி வேண்டும்; ஏனெனில் இவை பிற பாம்புகளை விழுங்குபவை, சமயம் வாய்த்தால் தம்மினத்தையும். மாப்பிள்ளையைப் பெண்ணின் பெட்டிக்குள் விடுமுன் இருவருக்கும் வயிறார உணவு கொடுத்துவிடுவது முன்னெச்சரிக்கை. முட்டைகளை ஈரமான வெர்மிகுலைட்டில், 27 பாகை அளவில், ஏறத்தாழ இரண்டு மாதங்கள் காக்க வேண்டும். பொரித்து வரும் குஞ்சோ பல வேளைகளில் எலிக்குஞ்சைத் தீண்டாது. பல்லிதான் வேண்டுமென்று பட்டினி கிடக்கும். எலிக்குஞ்சின் உடலில் பல்லியைத் தேய்த்து மணமேற்றி, ஏமாற்றித்தான் ஊட்டுகிறார்கள்.

இத்தனை பாடும் ஒரு பெயரைக் காப்பாற்றுவதற்காக. கனடாவிலிருந்து தென் அமெரிக்காவின் வடபகுதி வரை பரந்த ஒரே இனம் இது என்று முன்னர் கருதி, அதற்குள் 25 துணையினங்கள் வரை கணக்கிட்டிருந்தார்கள். 2014 இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று அதனை ஏழு தனி இனங்களாகப் பிரித்தது. மெக்சிக்கோவின் சினலோவாப் பாம்பும் நெல்சன் பாம்பும் அந்த ஆய்வின்படி ஒரே இனத்துக்குள் அடங்கிவிட்டன. ஆயினும் தூய வழி பேணுவோர் இரண்டையும் சேர்ப்பதில்லை. விஞ்ஞானி பெயரை மாற்றலாம், பாம்பு பிடிபட்ட இடம் மாறாது என்பது அவர்களது நிலைப்பாடு. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், இன்ன மாவட்டத்தில் பிடிபட்ட சோடியின் வழிவந்தது என்று பெட்டியில் எழுதி வைக்கிறார்கள்.

கலப்பதோ மிக எளிது. சாரையும் நாகமும் பிணையும் என்பது எமது ஊர் நம்பிக்கை. குடும்பமே வேறான பாம்புகள் அவை. பிணையல் என்று நாம் ஒதுங்கி நின்று பார்ப்பது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம். பாற்பாம்பின் கதை அப்படியல்ல. ஹொண்டுராஸ் பாம்பு சினலோவாப் பாம்போடு சேரும். வேறு பேரினத்தைச் சேர்ந்த கோர்ன் ஸ்நேக்குடனும் சேர்த்துக் குஞ்சு பெற்றிருக்கிறார்கள். அக்குஞ்சுகளும் மலடாக இருப்பதில்லை. சில தலைமுறைகள் ஒரே பக்கத்துக்குத் திருப்பிச் சேர்த்துவிட்டால் கலப்பின் சுவடு கண்ணுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, பெண் பாம்பு விந்தை மாதக்கணக்கில் உடலில் சேமித்து வைக்கவல்லது. இவ்வருடத்துக் குஞ்சின் தந்தை யாரென்பதைக்கூட அடித்துச் சொல்ல முடியாது.

ஆகத் தூய்மைக்கு அன்றாடச் சாட்சி வளர்ப்பவரின் கொப்பி ஒன்றுதான். இவ்விடத்தில் எனக்குள்ளிருந்த பத்திரிகைக்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன" என்ற வசனத்தை யுத்த காலத்தில் எத்தனை முறை அச்சுக்கு அனுப்பியிருப்பேன்! எந்த வட்டாரம் என்று எழுத முடியாத காலம். எழுதியவரின் நாணயத்தை நம்பியே வாசகர் வாசித்தார். மூலம் தொலைந்துபோன செய்தியைப் பின்னர் ஒருவராலும் மெய்ப்பிக்க இயலாது. ஊர்ப்பெயர் தொலைந்த பாம்பும் அப்படித்தான்.

அவர்களது விற்பனைப் பட்டியல்கள் எமது ஞாயிறு இதழ்களின் 'மணமகள் தேவை' பகுதியை நினைவூட்டின. ஊர், வழி, நிறம் எல்லாம் உண்டு. முதலில் சிரிப்பு வந்தது, பிறகு உறுத்தியது. இரத்தத்தின் தூய்மை பேசியவர்களால் இந்தத் தீவில் விளைந்ததைப் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். பாம்புப் பெட்டியில் உள்ள ஊர்ப்பெயர் ஒரு தகவல். அதை அழியாமல் வைத்திருப்பதில் நியாயம் உண்டு. அது கௌரவமாக மாறும்போது வேடிக்கையாகிவிடுகிறது. நியூ ஜேர்சியின் தென்பகுதி முதல் வேர்ஜீனியா வரையான கரையோரச் சமவெளியில் ஒரு பாற்பாம்பு உண்டு. கிழக்குப் பாற்பாம்பும் சிவப்பு கிங் ஸ்நேக்கும் இயற்கையில் கலந்ததன் விளைவே அது என்று நெடுங்காலம் கருதினார்கள். சேகரிப்போர் ஆசையோடு தேடும் பாம்பு அது. அதே இரண்டையும் ஒருவர் தன் வீட்டுப் பெட்டிக்குள் சேர்த்தாலோ, இனத்தைக் கெடுத்தவர் என்ற பட்டம் கிடைக்கும்.

கொப்பி சுத்தமாக உள்ளவருக்கும் வேறொரு கவலை இருக்கிறது. ஒரு சோடியில் தொடங்கிய வழி உடன்பிறப்புகளின் சேர்க்கையால்தான் நீளும். நாளடைவில் குஞ்சுகள் நலியக்கூடும். புது இரத்தம் வேண்டும், அதுவும் அதே ஊரிலிருந்து. காட்டில் பிடிப்பதற்குப் பல இடங்களில் சட்டம் குறுக்கே நிற்கிறது. எனவே அதே ஊரின் வழியை வைத்திருக்கும் இன்னொருவரைத் தேடிப்பிடித்து மாற்றிக்கொள்கிறார்கள். அவருடைய கொப்பியை நம்பித்தான். பூர்வீகம் அறியாத பாம்பை வைத்திருப்போரில் சிலர், பெட்டியில் 'இடம் தெரியாது' என்று எழுதிக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். எனக்கு எப்போதாவது பாம்பு வேண்டுமென்றால் அவர்களிடம்தான் வாங்குவேன். வேண்டியிராது, எலிக்கே நான் பயம்.