நகல் இருக்கிறது என்று நம்பியிருந்தேன்

ஆண்டிறுதித் தேர்வுத் தாள்களை எல்லாம் ஒரே விரலியில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரியும் ஆசிரிய நண்பர் ஒருவரை அண்மையில் கண்டேன். கடிந்துகொள்ள வாயெடுத்தேன். அதற்கான தகுதி எனக்கில்லை என்பது உடனே நினைவுக்கு வந்தது.

பகுதிநேர முதுகலை ஆய்வுக்காகத் தோட்டப்புற மூதாட்டியர் 19 பேரின் தாலாட்டுகளை ஒலிப்பதிவு செய்திருந்தேன். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு விடியுமுன் பால்மரம் சீவப் போனவர்கள் அவர்கள். பதிவுகளைப் பல்கலைக்கழகம் தந்த இணையச் சேமிப்பகத்தில் வைத்தேன். என் மடிக்கணினியில் இருந்த கோப்புறையோடு அது தானே ஒத்திசைந்துகொள்ளும். இரண்டு இடங்களில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன்.

ஒருநாள் மடிக்கணினியில் இடம் போதவில்லை. 'பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறதே' என்று கோப்புறையை அழித்துவிட்டேன். ஒத்திசைவின் வேலையே இரு பக்கத்தையும் ஒன்றுபோல் வைத்திருப்பதுதான். இங்கே அழித்தால் அங்கும் அழியும். அழித்தவை 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடந்து, பிறகு அடியோடு நீங்கிவிட்டன. இரண்டு மாதம் கழித்துப் பாடிய பாட்டி ஒருவர் காலமானார். பதினாறாம் நாளன்று ஒலிக்கவிட வேண்டும் என்று அவருடைய பேத்தி பதிவைக் கேட்டபோதுதான் எனக்கு விவரமே தெரிந்தது.

பெரிய இடத்தில் வைத்தால் பத்திரம் என்னும் எண்ணம் எனக்கு மட்டும் உரியதன்று. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழக மீத்திறன் கணினியில் ஏறத்தாழ 77 டெராபைட் அளவிலான 3 கோடியே 40 இலட்சம் கோப்புகள் அழிந்தன. பாதிக்கப்பட்ட 14 ஆய்வுக் குழுக்களுள் 4 குழுக்களின் தரவுகளை மீட்க இயலவில்லை. அவற்றை அழித்தது காப்புநகல் எடுக்கும் நிரலே! பத்து நாளுக்கு மேற்பட்ட பழைய பதிவேட்டுக் கோப்புகளை மட்டும் அது நீக்கியிருக்க வேண்டும். ஆனால், ஓடிக்கொண்டிருந்த நிரலின்மேல் அதன் திருத்திய வடிவத்தை எழுதிவிட்டார்கள். பாதி வழியில் புதிய வரிகளைப் படிக்கத் தொடங்கிய நிரலுக்கு எந்தக் கோப்புறையைத் துடைப்பது என்னும் குறிப்பு கிட்டவில்லை. ஆய்வாளர்களின் கோப்புகளையே துடைத்தது. கணினியை வழங்கிய நிறுவனம் தவறு முழுவதும் தன்னுடையதே என ஒப்புக்கொண்டது.

என் தவற்றுக்கு வேறு பொறுப்பாளி இல்லை. பல்கலைக்கழகக் கணினிப் பிரிவில் இருந்த மலாய்ப் பெண்மணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சிக்கு, ஒலிப்பதிவுக் கருவியின் நினைவக அட்டை எங்கே?" என்றார். அதையும் துடைத்துப் பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் பயன்படுத்தியிருந்தேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாதது பெரிய மனம். "இனி அதில் எதையும் பதியாதீர்கள்" என்று மட்டும் சொன்னார்.

அழித்த கோப்பு அந்த அட்டையிலிருந்து அப்போதே மறைந்துவிடுவதில்லையாம். பட்டியலில் உள்ள அதன் குறிப்புதான் நீங்குகிறது. அதே இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரையில் ஒலி அங்கேயே கிடக்கும். அவர் முதலில் அட்டையை முழுமையாகப் படியெடுத்தார். பிறகு, போட்டோரெக் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு அந்தப் படியில் தேடினார். 13 பதிவுகள் மீண்டன. மற்ற ஆறின்மீது ஓட்டப் பந்தய ஆரவாரம் ஏறியிருந்தது.

மீண்டவற்றில் ஒன்றுக்கும் பெயரில்லை, வெறும் எண்கள்தாம். எது யார் குரல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் கண்டுகொள்ள வேண்டியிருந்தது. ஏழாவது கோப்பில் ஓர் இருமல். பிறகு, "இதுலயா பேசணும், தம்பி?" என்று அந்தப் பாட்டி கேட்டார்.

பதிவைப் பேத்தியின் வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். பதினாறாம் நாள் கடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கூடத்தில் உட்கார்ந்து எல்லாரும் கேட்டோம். நான்காம் நிமிடத்தில் தாலாட்டு அறுபட்டது.

"அவ்வளவுதானா, சார்?" என்று கேட்டாள் அவள்.